பதினான்கில் பத்தா, பதின்மூன்றில் ஒன்பதா?

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்க நெருங்க, பரவை, சமயநல்லூர் பக்கத்துப் பெற்றோர் ஒரே சந்தேகத்தைத்தான் எழுதிக் கேட்கிறார்கள். கணக்குத் தாளில் 28-ஆம் கேள்வியை விட்டுவிட்டு அதே பிரிவில் வேறு பத்துக் கணக்குகளைச் சரியாகப் போட்டால் 20 மதிப்பெண் கிடைக்குமா?

கிடைக்காது. 18 தான்.

15 முதல் 28 வரை பதினான்கு இரண்டு மதிப்பெண் வினாக்கள், எவையேனும் பத்துக்கு விடை எழுதலாம் என்கிறது தாள். அதே வரியின் வால்பகுதியில் 28-க்குக் கட்டாயம் விடையளிக்க வேண்டும் என்றும் இருக்கும். ஆக, பிள்ளைக்கு உண்மையில் கிடைப்பது பதின்மூன்றில் ஒன்பதைப் பொறுக்கும் உரிமை மட்டுமே. ஐந்து மதிப்பெண் பகுதியிலும் இதே கதை, அங்கே கட்டாயம் 42. இரண்டையும் விட்டவருக்கு, மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் 93-க்கு மேல் வழியில்லை.

சிந்திக்க வைக்கத்தான் இந்த ஏற்பாடு என்பது கல்வித்துறைத் தரப்பு வாதம். நூற்றுக்கு நூறு வாங்கத் துடிப்பவர்களுக்கு அது பொருந்தலாம். 35-ஐத் தொடப் போராடும் பிள்ளையின் நிலை வேறு. வடிவியல், வரைபடம், கொஞ்சம் ஒரு மதிப்பெண் என்று மெல்லக் கற்போர் கையேடு காட்டும் பாதையில் வருபவர் அவர். கட்டாய வினாவைக் கண்டதுமே 'இது நமக்கில்லை' என்று தாண்டிவிடுவார். ஏழு மதிப்பெண் அங்கேயே போய்விடும். தலைப்பு வரியைக் கவனிக்காமல் விட்டவருக்கும் அதே இழப்புதான். அவரிடம் சோதிக்கப்பட்டது கணக்கே அல்ல.

தாண்ட வேண்டியதில்லை. ஒரு மாதிரி: x² − 9x + k = 0 என்பதன் மூலங்களின் வித்தியாசம் 1 எனில் k என்ன? பார்த்ததும் மிரட்டும். ஆனால் மூலங்களின் கூடுதல் 9 என்று முதலில் எழுதுங்கள். கூடுதல் 9, வித்தியாசம் 1 என்றால் மூலங்கள் 5, 4. பெருக்கினால் k = 20. பாதியில் நின்றாலும் பாதகமில்லை, விடைத்தாள் திருத்துபவர் படிநிலைக்கு மதிப்பெண் போடுவார். வெற்றிடத்துக்கு அவரால் எதுவும் போட முடியாது.

காலை 10 மணிக்குத் தரும் பத்து நிமிட வாசிப்பு நேரம் இதற்குத்தான். கேள்விகளுக்குள் இறங்குமுன் ஒவ்வொரு பிரிவின் தலைப்பு வரியையும் படியுங்கள். 10.15-க்கு எழுதத் தொடங்கி, அந்தந்தப் பிரிவுக்கு வந்ததும் கட்டாய வினாவை முதலில் முடித்துவிடுவது நல்லது. கடைசிக்குத் தள்ளினால் மணி அடித்துவிடும்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

அறிவியலிலும் கட்டாய வினா உண்டா? உண்டு, 22, 32.

ஒரு மதிப்பெண் வினாவில் (அ), (ஆ) மட்டும் போட்டால் போதுமா? போதாது, விடையையும் சேர்த்து எழுத வேண்டும். இரண்டும் முரண்பட்டால் பூஜ்ஜியம்.

'அல்லது' போட்ட எட்டு மதிப்பெண் கணக்குகளில் இரண்டையும் போடலாமா? ஒன்று போதும். இன்னொன்றுக்குச் செலவிடும் நேரம் வீண்.

அறிவியலில் மொத்தம் 35 வந்தால் தேர்ச்சியா? எழுத்துத் தேர்வில் 75-க்கு 20-ம் வேண்டும்.