தபாலில் வந்த 'பில்'!

குழம்பைக் கூட்டி அடுப்பில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். "அக்கா, ஸ்பீடு போஸ்ட். கையெழுத்துப் போடுங்க" என்று வாசலில் தபால்காரத் தம்பியின் குரல்.

பெண்ணாடத்தில் எங்களுக்குச் செக்கு எண்ணெய் வியாபாரம். செக்கை அவர் பார்த்துக் கொள்வார். கணக்கு நோட்டு என்னிடம். எண்ணெயின் பெயருக்கு டிரேட் மார்க் கேட்டு விண்ணப்பித்திருந்தோம். உறையைப் பிரித்தால் மேலே சர்க்கார் முத்திரை மாதிரி ஒன்று. கீழே எங்கள் கடைப் பெயர், விலாசம், விண்ணப்ப எண் எல்லாம் அட்சரம் பிசகாமல்! சர்வதேசப் பதிவுக் கட்டணம் 38,500 ரூபாயாம். பத்து நாளுக்குள் கட்ட வேண்டுமாம்.

"மல்லாட்டை வாங்க வச்சிருக்கிற பணத்தை எடுத்துக் கட்டிடலாமா? பேரு போயிடப் போவுது" என்றார் அவர்.

"கொஞ்சம் இருங்க" என்றேன். நான் ஏற்கெனவே சூடு கண்டவள். 'உத்யம் சான்றிதழைப் புதுப்பிக்கவில்லை' என்று இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கடிதம் வந்தது. யாரிடமும் கேட்காமல், சீட்டுக் கட்ட வைத்திருந்த 4,800 ரூபாயைக் கட்டினேன். 2020 ஜூலை 1 முதல் நடக்கும் அந்தப் பதிவு முழுக்க முழுக்க இலவசம், புதுப்பிப்பதென்பதே கிடையாது என்று பிறகுதான் தெரிந்தது. அவரிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று, போங்கள்!

இந்தத் தடவை, விண்ணப்பம் போட்டுக் கொடுத்த வக்கீலுக்கே போன் செய்தேன். "விண்ணப்பத்தோடு கட்டியதுதாம்மா கட்டணம். பதிவுச் சான்றிதழுக்குத் தனியாக எதுவும் இல்லை. பதிவானால் பத்து வருஷம் செல்லும், புதுப்பிப்பதெல்லாம் அப்புறம்தான்" என்றார். வெளிநாட்டுப் பதிவுக்கு வழி உண்டு. 2013-இல் இந்தியா அந்த ஏற்பாட்டில் சேர்ந்தது. ஆனால் நாமாகக் கேட்டால்தான்.

எங்கள் விவரம் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது? டிரேட் மார்க் ஜர்னல் என்று வாராவாரம் வெளியாகிறது. விண்ணப்பித்தவர் பெயர், விலாசத்தோடு யாரும் பார்க்கலாம். அதைப் பார்த்துத்தான் உறை எழுதுகிறார்கள். உலக அறிவுசார் சொத்து அமைப்பே இப்படிப்பட்ட பில்களின் மாதிரிகளைத் தன் வலைத்தளத்தில் போட்டு எச்சரித்திருக்கிறது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி படித்தேன். அடியில் கடுகு மாதிரி எழுத்தில், 'விருப்பமுள்ளவர்கள் சேரலாம்' என்கிற அர்த்தத்தில் இங்கிலீஷில் ஒரு வரி! பணம் போக வேண்டிய கணக்கோ ஏதோ தனியார் பெயரில். அமெரிக்காவில், பில் போலத் தோன்றும் விளம்பரத் தபாலில் 'இது பில் அல்ல' என்று பளிச்சென்று அச்சிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறதாம்.

நாம் மட்டும் ஏமாளிகள் என்று நினைக்காதீர்கள். 2013 முதல் 2015 வரை கூகுள், ஃபேஸ்புக் கம்பெனிகளுக்கே பொய் பில் அனுப்பிப் பத்துக் கோடி டாலருக்கு மேல் கறந்தார் லிதுவேனியாக்காரர் ஒருவர். 2019-இல் ஐந்து வருஷம் சிறை கிடைத்தது.

ஜி.எஸ்.டி. நோட்டீஸ் என்று வந்தாலும் பதறாதீர்கள். மத்திய வரித்துறைக் கடிதங்களுக்கு 2019 நவம்பர் 8 முதல் 'டின்' என்ற அடையாள எண் உண்டு. துறையின் வலைத்தளத்தில் அதைப் போட்டால் அசலா போலியா என்று தெரிந்துவிடும். ஜி.எஸ்.டி. தளம் வழியாக வரும் நோட்டீஸ்களில் வேறொரு எண் இருக்கும். உங்கள் கணக்கில் நுழைந்து பார்த்தால் அந்த நோட்டீஸும் அங்கே இருக்க வேண்டும்.

உறையை மட்டும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அஞ்சல் முத்திரையும் ஸ்பீடு போஸ்ட் எண்ணும்தான் சாட்சி. நாங்கள் போலீஸ் ஸ்டேஷனில் மனுவோடு கடிதம், உறை இரண்டையும் வைத்துக் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்கினோம். மோசடிக்கு '420' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு. செக் கொடுத்திருந்தால், அது பாஸாகும் முன் பாங்கில் சொல்லி நிறுத்தலாம். ஆன்லைனில் பணம் போயிருந்தால் உடனே 1930-க்குப் போன் செய்து, பாங்குக்கும் சொல்ல வேண்டும். மணிக்கணக்கில் தாமதித்தால்கூடப் பணம் கை மாறிவிடும்.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பக்கத்து ரைஸ் மில் அம்மா எழுந்து போய், பீரோவிலிருந்து அதே மாதிரி உறை ஒன்றை எடுத்து வந்தார். கட்டி நாலு நாள் ஆகிவிட்டதாம், வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாதாம். என் சீட்டுப் பணக் கதையைச் சொன்ன பிறகுதான் அவருக்கு வாய் வந்தது. அங்கேயே உட்கார்ந்து 1930-க்குப் போன் போட்டோம். புகார் எண் கிடைத்திருக்கிறது; பணம் இன்னும் வரவில்லை.