மண்டை ஓட்டின் ஊடே செல்லும் ஒலி

நேயர்களே, மூணாறு, வண்டிப்பெரியாறு முதலிய மலைத் தோட்டங்களிலும், சித்தூர், கொழிஞ்சாம்பாறை முதலிய சமவெளி ஊர்களிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், கை நடுங்கும் முதியவர் சிலரை நீங்கள் கண்டிருக்கக் கூடும். சும்மா இருக்கையில் அமைதியாயிருக்கும் கை, தேநீர்க் குவளையை வாயருகே கொண்டு செல்லும்போதும் கையொப்பம் இடும்போதும் ஆடத் தொடங்கும். பலருக்குக் குடும்ப வழியாக வரும் இந்நோயை மருத்துவர் 'எசென்ஷியல் டிரெமர்' என்பர். மருந்துக்கு அடங்காத நடுக்கத்திற்கு, மண்டையைத் திறவாமலே கேளா ஒலியால் செய்யும் சிகிச்சை இன்று உண்டு. அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2016ஆம் ஆண்டு இதற்கு ஒப்புதல் அளித்தது.

உருப்பெருக்கிக் கண்ணாடி வெயிலைக் குவித்துத் தாளைக் கருக்குவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறோம். அவ்வாறே ஒலி அலைகளை மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் என்னும் பகுதியில் குவித்தால், சில மில்லிமீட்டர் அளவுள்ள ஓரிடம் மட்டும் சூடேறிச் செயலிழக்கும்; நடுக்கம் தணியும். ஆனால் அவ்விடத்தின் பின்புறம் தொடு உணர்ச்சிக்குரிய பகுதியும், பக்கத்தில் கைகால்களை இயக்கும் நரம்பிழைகளும் உள்ளன. குறி சிறிது தவறினும் மரமரப்போ தளர்ச்சியோ நேரலாம். ஆகவே துல்லியமே இங்கு உயிர்நாடி.

இத்துல்லியத்திற்குத் தடையாய் நிற்பது மண்டை ஓடு. அதன் கனம் இடத்துக்கு இடம் வேறுபடும். நீரில் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும் ஒலி, கெட்டியான எலும்பில் அதனினும் மிக விரைந்து செல்லும். எனவே அலைகள் முன்னும் பின்னுமாய் வந்து சேர்ந்து, குவியம் சிதறிவிடுகிறது. 1950களில் இத்துறையில் உழைத்த அமெரிக்க அறிஞர்களான ஃபிரை சகோதரர்கள், ஒலியைச் செலுத்துவதற்காக மண்டை எலும்பில் ஒரு பகுதியை அகற்ற நேர்ந்தது.

இன்று அவ்விடர் எவ்வாறு நீங்கிற்று? பல தோட்டங்களினின்றும் மக்கள் ஒரே நொடியில் மூணாறு சந்தையை அடைய வேண்டுமென்று கொள்வோம். விரைவான பாதையில் வருவோர் சற்றுப் பிந்திப் புறப்படவேண்டும் அல்லவா? அதுபோலவே, தலைக்கவசம் போன்ற கருவியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஒலி வாய்கள் உள்ளன. சி.டி. படத்தால் எலும்பின் கனமும் அடர்த்தியும் அறியப்பட, ஒவ்வொரு வாயும் எப்போது ஒலிக்க வேண்டுமென்று கணிப்பொறி கணக்கிடுகிறது. எலும்பு சூடேறாதிருக்கத் தலையைச் சுற்றிக் குளிர்ந்த நீர் ஓடும்.

கணக்கு மட்டும் போதாது, சோதனையும் வேண்டும். நோயாளி எம்.ஆர்.ஐ. கருவிக்குள் விழித்தே இருப்பார். முதலில் சிறிதளவு சூடு மட்டும் தரப்படும். சூடு எங்கே விழுகிறதென்று படம் காட்டும். நடுக்கம் குறைகிறதா, மரமரப்பு தோன்றுகிறதா என்று மருத்துவர் வினவுவார். சுருள்கோடு வரையச் சொல்லுவார். குறி விலகியிருந்தால் திருத்திய பின்னரே, சூடு 55 டிகிரி செல்சியசுக்கு மேல் உயர்த்தப்படும்.

இம்முறை எல்லார்க்கும் ஏற்றதன்று. சிலருடைய எலும்பின் அமைப்பு ஒலியைப் பெரிதும் விழுங்கிவிடும்; அவர்க்கு வேறு வழியே நாட வேண்டும். சிலர்க்கு நடையில் தடுமாற்றம் தோன்றலாம். காலப்போக்கில் நடுக்கம் ஓரளவு திரும்புவதும் உண்டு.

வாளையாற்றைக் கடந்தால் எட்டும் கோயம்புத்தூரிலேயே இச்சிகிச்சை நடைபெறுகிறது. ஆயினும் பயணத்திற்கு முன், நடுக்கம் எவ்வகையினது என்பதை நரம்பியல் மருத்துவரிடம் தெளிந்து கொள்ளுங்கள். நாம் முதுமையின் இயல்பு என்று விட்டுவிட்ட கை, குவளையைச் சிந்தாமல் ஏந்தும் வாய்ப்பை ஆராயாமல் இழத்தல் ஆகாது.