சினை பொரிவதும் பொரிப்பதும்

கீரிமலைக் கேணியில் நீராடிவிட்டு மதிலோரம் நிற்பவருக்கு ஒருபுறம் நன்னீரும் மறுபுறம் சமுத்திரமும் தோன்றும். அவ்வேளை கரையேற்றிய வள்ளமொன்றில் சிறுவனொருவனின் உயரத்துக்கு ஓர் அறக்குளா கிடக்குமாயின், சூழ்ந்து நிற்போரின் பேச்செல்லாம் விலையைப் பற்றியதாகவே இருக்கும். வயிற்றைக் கீறியதும் வெளிப்படும் இரட்டைச் சினையைக் குறித்தோவெனின், பொரிப்பதா குழம்பிலிடுவதா என்பதற்கு மேல் எவரும் சிந்திப்பதில்லை. பொரித்தல் என்னுஞ் சொல்லுக்கு அடுக்களையில் ஒரு பொருளும் கடலில் வேறொரு பொருளும் இருப்பது நம் பாஷையின் விநோதம்.

அச்சினையிற் சிறிது எடுத்து நீரிற் கரைத்து உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்கினால், கடுகினுஞ் சிறிய மணிகள் தெரியும். முதிர்ந்த மணி ஒவ்வொன்றினுள்ளும் தெளிந்த எண்ணெய்த் துளியொன்று உண்டு. முட்டை மிதப்பதற்குத் துணைபுரிவதோடு, குஞ்சு வாய் திறந்து இரைதேடப் பழகும்வரை, மஞ்சட்கருவுடன் சேர்ந்து அதற்குக் கட்டுச்சோறாவதும் அத்துளியே.

மீன் நீளத்தில் இருமடங்காயின் சரீரத்தின் நிறை ஏறத்தாழ எட்டு மடங்காகும். முட்டையும் அப்பிரமாணத்திலேயே பெருகுமென்றுதான் கடல்வள சாஸ்திரிகள் நெடுங்காலம் கணக்கிட்டு வந்தனர். 342 இன மீன்களை ஆராய்ந்து 2018 இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வெளிவந்த கட்டுரை அக்கணக்கைக் குலைத்தது. அத்திலாந்திக் சமுத்திரத்துக் கொட் மீனில், 30 கிலோ நிறையுள்ள ஒரு தாய், இரண்டிரண்டு கிலோ நிறையுள்ள 28 தாய்கள் கூடி இடும் முட்டைகளுக்கு ஈடாகத் தனியே இடுகிறது. அந்த 28 மீன்களின் மொத்த நிறையோ 56 கிலோ! முட்டைகளிலுள்ள சத்தை அளந்தால் இவ்வொரு தாய் 37 சிறு தாய்களுக்குச் சமம்.

தொகை மாத்திரமன்று, குஞ்சின் திடமும் வேறுபடும். அமெரிக்காவின் மேற்குக்கரையில் வாழும் கரும்பாறை மீனைப் பற்றி 2004 இல் வெளியான ஆராய்ச்சியில், முதிய தாயின் குஞ்சுகள் பெரிய எண்ணெய்த் துளியோடு பிறந்து, இளந்தாயின் குஞ்சுகளைவிட மும்மடங்குக்கு மேலான வேகத்தில் வளர்ந்தன. பட்டினி கிடந்தபோது இருமடங்குக்கு மேற்பட்ட காலம் உயிர்தரித்தன. ஆகவே, வலையின் கண்ணைப் பெரிதாக்கிச் சிறுமீன்களைத் தப்பவிடும் ஏற்பாடு நன்றேயாயினும், கிழத்தாய்க்கு அது ஓர் உதவியுஞ் செய்வதில்லை. கூறி விற்குமிடத்தில் பெரிய மீனுக்குத்தானே போட்டியும் அதிகம்!

எனினும் பெரிய மீனெல்லாம் தாயென்று கொள்வதற்கில்லை. கொடுவா ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் சென்றபின் பெண்ணாக மாறும் பிராணி. அதிற் பெரியது தாயேதான். கலவாயினங்கள் பலவற்றிலோ பெண்ணே பின்னர் ஆணாகும். ஆதலின் சந்தையில் பெருங்கலவாயைக் கண்டு, ஐயோ, இத்தனை சினைக்கு உரியவளாயிற்றே என்று இரங்குபவர், பெரும்பாலும் ஒரு தகப்பனுக்கே இரங்குகிறார்.