அபராதம் வேறு, கமிஷன் வேறு

2022 அக்டோபரில், ஐந்தே நாள் இடைவெளியில், இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு இரண்டு அபராதங்களை விதித்தது. ஆண்ட்ராய்டு போன்களில் தன் செயலிகளைத் திணித்ததற்காக 1,337.76 கோடி ரூபாய். ப்ளே ஸ்டோரில் பணம் வாங்கும் வழியைத் தன் பிடிக்குள் வைத்திருந்ததற்காக 936.44 கோடி. கேட்டால் மலைப்பாகத்தான் இருக்கும். இரண்டாவது தொகையை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 மார்ச்சில் 216.69 கோடியாகக் குறைத்துவிட்டது. அது போகட்டும். இத்தனைக்கும் பிறகு செயலி தயாரிப்பவரின் கல்லாவில் என்ன மாறியது?

சொற்பம்தான். வேறு நிறுவனம் மூலமும் பணம் வாங்கிக்கொள்ளலாம் என்று கூகுள் இறங்கிவந்தது. அப்படி வாங்கினால் கமிஷனில் 4 புள்ளிகள் மட்டும் குறையும் என்றது. 15 விழுக்காடு கட்டியவருக்கு 11, 30 கட்டியவருக்கு 26. ஒரு செயலி வாடிக்கையாளரிடம் 1,000 ரூபாய் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கூகுள் வழியாக வந்தால் 150 ரூபாய் போகும். வேறு வழியாக வந்தாலும் கூகுளுக்கு 110 ரூபாய். பணத்தை வாங்கித் தரும் நிறுவனத்துக்கு அதற்கு மேல் தனிக் கட்டணம். இரண்டு கணக்கு வைத்துக்கொண்டு அல்லாடியதற்கு மிஞ்சுவது 40 ரூபாய்க்கும் குறைவு. அமெரிக்காவில் ஆப்பிளும் இதே வித்தையைக் காட்டியது. விளையாட்டு நிறுவனமான எபிக் கேம்ஸ் தொடுத்த வழக்கில், வெளியே பணம் கட்டும் வழியைச் செயலிக்குள் காட்ட விட வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆப்பிள் விட்டது, அப்படி வெளியே கட்டும் பணத்திலும் 27 விழுக்காடு கேட்டது. உத்தரவை வேண்டுமென்றே மீறியிருக்கிறது என்று நீதிபதி இவான் கொன்சாலஸ் ரோஜர்ஸ் 2025 ஏப்ரலில் கடிந்துகொண்டார். கதவைத் திறக்கச் சொல்லிவிட்டு, வாசலில் வசூலிக்கும் கட்டணத்தைப் பற்றிப் பேசாமல் விட்டால் இப்படித்தான் முடியும்.

கடையைக் கட்டியவர் வாடகை வாங்கக் கூடாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. செயலிகளைச் சோதிக்கவும் வைரஸ்களைத் தடுக்கவும் செலவாகத்தான் செய்யும். ஆனால் பிரியாணியும் சேலையும் விற்கும் செயலிகளுக்கும் அதே சோதனைதான் நடக்கிறது. அவற்றின் விற்பனையில் ப்ளே ஸ்டோர் கமிஷன் எடுப்பதில்லை. சந்தாவும் விளையாட்டும் விற்பவர் மட்டும் கட்ட வேண்டும் என்றால், பாதுகாப்புச் செலவு என்ற காரணம் நிற்காது. பிடிக்காதவர் வேறு இடத்துக்குப் போகலாமே என்ற வாதம் அதைவிட வலுவற்றது. கமிஷன் தகராறில் 2024 மார்ச்சில் சென்னையின் பாரத் மேட்ரிமோனி உட்படப் பல இந்தியச் செயலிகளை கூகுள் நீக்கியது. மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் தலையிட்ட பிறகு, சில நாட்களில் அவை திரும்பி வந்தன. போக வேறு இடம் இருந்திருந்தால் அமைச்சர் வரை விஷயம் போயிருக்காது. அமைச்சர் பேசித் தீர்த்துவைப்பதை ஒழுங்குமுறை என்றும் சொல்ல முடியாது. அடுத்த முறை அவருக்கு நேரம் இருக்குமா, யார் கண்டது?

ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியில் போனது. தவறு நடந்த பிறகு விசாரிப்பதோடு நிற்காமல், பெரிய தளங்கள் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று முன்கூட்டியே எழுதிவைத்தது. அந்த விதிகள் 2024 மார்ச்சில் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. 2025 ஏப்ரலில் ஆப்பிளுக்கு 50 கோடி யூரோ அபராதம் விழுந்தது. இந்தியாவும் 2024 மார்ச்சில் டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவை வெளியிட்டது. வளர்ந்துவரும் உள்ளூர் நிறுவனங்களும் இதில் சிக்கும் என்ற எதிர்ப்பில் உண்மை இருக்கிறது. அதற்கு, எந்த நிறுவனங்கள் இதற்குள் வரும் என்று தீர்மானிக்கும் வருவாய் வரம்பை உயர்த்தலாம், வரைவையே கிடப்பில் போட வேண்டியதில்லை. இப்போதுள்ள முறையின் வேகத்துக்கு ஒரு கணக்கு போதும்: கூகுள் தேடலில் பாரபட்சம் என்று மேட்ரிமோனி நிறுவனம் புகார் கொடுத்தது 2012-இல், 135.86 கோடி ரூபாய் அபராத உத்தரவு வந்தது 2018-இல். அந்த வரைவு சட்டமாக வேண்டும். வாங்கும் கமிஷனுக்குச் செலவுக் கணக்கு காட்ட வேண்டும் என்ற பிரிவும் அதில் இடம்பெற வேண்டும்.