டைனோசர் முட்டையா, சாளக்கிராமமா?

2020 அக்டோபர் மாதம். பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஒரு குளத்தைத் தூர்வாரியபோது, மண்ணுக்குள்ளிருந்து உருண்டை உருண்டையாகக் கற்கள் வெளிவந்தன. "டைனோசர் முட்டை!" என்று யாரோ கிளப்பிவிட, படம் செல்போனுக்குச் செல்போன் பறந்தது. நிலவியல் தெரிந்தவர்கள் போய்ப் பார்த்தார்கள். "முட்டை இல்லை. அம்மோனைட் சார்ந்த கல் உருண்டைகள்" என்றார்கள்.

சிலருக்கு 'சே, இவ்வளவுதானா?' என்று ஆகியிருக்கும். ஆனால், அம்மோனைட் என்ன லேசுப்பட்டதா?

பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு அரியலூர், பெரம்பலூர் பகுதி கடலுக்கு அடியில் இருந்தது. அந்தக் கடலில் நீந்தியது அம்மோனைட். பார்க்க நத்தை மாதிரி. ஆனால் சொந்தக்காரர்கள் கணவாயும் ஆக்டோபஸும்தான்! சுருண்ட ஓட்டுக்குள் வரிசையாக அறைகள். கடைசி அறையில் அது குடியிருக்கும். மற்ற அறைகளில் காற்று போன்ற வாயு நிறைந்திருப்பதால் மிதக்க முடியும். ஜெர்மனியில் 1895இல் கிடைத்த ஒரு அம்மோனைட்டின் குறுக்களவு சுமார் 1.8 மீட்டர். உங்கள் அப்பாவைவிட உயரமாக இருக்கலாம்! சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, டைனோசர்களோடு சேர்ந்து இவையும் அழிந்துபோயின.

சரி, உருண்டை எப்படி வந்தது? செத்த உயிரினம் கடலடிச் சேற்றில் புதையும். அதைச் சுற்றி நீரிலுள்ள தாது உப்புகள் படிந்து, சேற்றைக் கெட்டியாக இறுக்கும். மாவைக் கையில் வைத்து உருட்டியது போலக் கல் பந்து தயார்.

இதே மாதிரிக் கல் தஞ்சாவூரில் சில வீடுகளின் பூஜை அறையிலேயே இருக்கிறது. பாட்டி தினமும் அபிஷேகம் செய்யும் சாளக்கிராமம்தான் அது! நேபாளத்தின் கண்டகி ஆற்றிலிருந்து வரும் கறுப்புக் கல். பல சாளக்கிராமங்களுக்குள் தெரியும் 'சக்கரம்', அம்மோனைட்டின் சுருள். இமயமலை எழும்புவதற்கு முன்பு அங்கேயும் கடல்தான். (தொட்டுப் பார்ப்பதற்கு முன் பாட்டியிடம் அனுமதி கேளுங்கள்.)

முட்டையா, கல் உருண்டையா என்று எப்படிப் பிரித்துச் சொல்வது? முட்டை என்றால் மெல்லிய ஓடு தனியாகத் தெரிய வேண்டும். அதில் மிக நுண்ணிய துளைகள் இருக்கும். ஒரே கூட்டில் இருப்பவை ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். கல் உருண்டைக்கு ஓடு கிடையாது. சிறிதும் பெரிதுமாகக் கலந்து கிடக்கும். இன்னொன்று, டைனோசர் முட்டையிட்டது தரையில். கடல் சேற்றில் போய் ஏன் தேட வேண்டும்?

நம் வயல்காட்டைத் தோண்டினால் அம்மோனைட் கிடைக்குமா? கிடைக்காது. இது காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல். அம்மோனைட் காலத்தோடு ஒப்பிட்டால் நேற்றுப் பிறந்த மண். வரப்பில் கிடைக்கும் வெள்ளை நத்தைக்கூடு லேசாக இருக்கும், விரலால் அழுத்தினாலே நொறுங்கும். கல்லாக மாறிய ஓடோ கனமாக இருக்கும். கொள்ளிடம் தாண்டி அரியலூர்ப் பக்கமிருந்து லாரியில் வந்து இறங்கும் கல் குவியலில் சுருளும் வரிகளும் உள்ள கல் கிடைத்தால், சுத்தியலை எடுக்காதீர்கள். எங்கே, எந்தத் தேதியில் கிடைத்தது, லாரி எந்த ஊரிலிருந்து வந்தது என்று ஒரு சீட்டில் எழுதிக் கல்லோடு கட்டி வையுங்கள். அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. அங்குள்ள அம்மோனைட்டுகளோடு உங்கள் கல்லை ஒப்பிட்டுப் பார்க்கலாம். சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள், எந்த ஊர்க் கல் என்று தெரியாவிட்டால், அதன் வயதைச் சொல்வது நிபுணருக்கே சிரமம்.