தம் கட்டாதீங்க மதுரைக்காரரே! ஸ்கூபா ஆசாமிகளின் விநோத நியாயங்கள்

மதுரைக்குக் கடல் கிடையாது. ராமேஸ்வரத்துக்கோ தூத்துக்குடிக்கோ வண்டி ஏறினால்தான் உப்புக்காற்று. ஆனாலும் முங்கு நீச்சலில் மதுரைப் பக்கத்து ஆட்களை யாரும் குறைத்துப் பேச முடியாது. மேலூர், அலங்காநல்லூர், உசிலம்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும், முதுகில் சுரைக்குடுக்கையோ காலி பிளாஸ்டிக் கேனோ கட்டிக்கொண்டு கிணற்றில் நீச்சல் பழகிய தலைமுறை ஒன்று உண்டு. மோட்டார் ரூம் மேலிருந்து குதித்தால் மட்டும் போதாது. அடிவரைக்கும் போய் ஒரு பிடி மண்ணை அள்ளி வந்து காட்ட வேண்டும். வெறுங்கையோடு மேலே வந்தால், 'பாதியிலயே திரும்பிட்டான்' என்று அன்றைக்கு முழுக்க ஓட்டுவார்கள்.

இப்படி அடிமண் எடுத்த சூரர்கள் புதுச்சேரிக்கோ அந்தமானுக்கோ போய் ஸ்கூபா கற்க உட்கார்ந்தால், முதல் வகுப்பிலேயே ஒரு குட்டு விழும். ஸ்கூபாவின் முதல் விதியே, 'எக்காரணம் கொண்டும் தம் கட்டக் கூடாது' என்பதுதான்.

தம் கட்டுவதையே பெருமையாக நினைத்து வளர்ந்தவர்களுக்கு இது ஜீரணிக்க முடியாத விஷயம். ஆனால் காரணம் இருக்கிறது. கிணற்றில் குதிக்கும்போது மேலே இழுத்த மூச்சோடு உள்ளே போகிறோம். ஆழத்தில் அந்தக் காற்று சுருங்கும். மேலே வரும்போது பழைய அளவுக்குத் திரும்பும். ஸ்கூபாவில் கதை வேறு. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அங்கே சிலிண்டரிலிருந்து நெஞ்சு நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அது இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழிந்துவிடும். அதனால் இழுத்து விட்டு, இழுத்து விட்டு, சாவகாசமாக வர வேண்டும். சின்ன வயதிலிருந்து பழகியதை மறப்பதுதான் கிணற்றுக்காரருக்கு இதில் கஷ்டமான பாடம்.

விதி இப்படி இருக்க, ஸ்கூபாக்காரர்களிலேயே சிலர் காற்றைச் சிக்கனம் பிடிப்பதில் வெறியர்கள். பைக் வைத்திருப்பவரிடம் 'லிட்டருக்கு எவ்வளவு தருது?' என்று கேட்கிற மாதிரி, கரையேறியதும் 'சிலிண்டர்ல எவ்வளவு மிச்சம்?' என்றுதான் விசாரிப்பார்கள். மிச்சம் காட்டுவதற்காக மூச்சை விட்டு விட்டு இழுக்கிறவர்களும் உண்டு. உடம்பில் கரியமில வாயு சேர்ந்து, மண்டையிடியோடு படகேறுவதுதான் அதற்குப் பரிசு.

அடுத்த சண்டை ஆழம். ஸ்கூபா பழகியவர்களில் பாதிப் பேருக்கு எத்தனை மீட்டர் போனோம் என்பதுதான் பெருமை. ஆரம்பநிலைச் சான்றிதழுக்கு 18 மீட்டர், பொழுதுபோக்கு டைவிங்குக்கு அதிகபட்சம் 40 மீட்டர் என்று கணக்கு. 'ஆழத்தில் ஒன்றுமே இல்லை, ஆறு மீட்டரே சொர்க்கம்' என்று யாராவது சொன்னால் முறைப்பார்கள். ஆனால் நியாயம் அந்த 'யாராவது' பக்கம்தான். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. குங்குமச் சிமிழ் ஒன்றை இருபது மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோனால், குங்குமம் மங்கிப்போய் ஏதோ கறுப்புப் பொடி போலத் தெரியும். ஆழமில்லாத இடத்தில் வெயில் இறங்கும், நிறம் தெரியும், காற்றும் நெடுநேரம் வரும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளில் பெரும்பகுதி சில மீட்டர் ஆழத்திலேயே இருக்கின்றன. 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம் என்பதால், நினைத்தபோது போய்க் குதிக்க முடியாது என்பது தனிக்கதை.

கருவி மோகமும் உண்டு. முகக்கண்ணாடிக்குப் பொருத்தமான நிறத்தில்தான் ஃபின்ஸ் வேண்டும் என்பவர்கள், கையில் கேமரா இல்லாமல் கடலையே பார்க்க மாட்டோம் என்பவர்கள் என்று ரகம் ரகமாக இருக்கிறார்கள். மன்னார் வளைகுடா ஓரம் பாசி எடுக்கும் பெண்கள் புடவைக்கு மேல் ஆண்கள் சட்டையைப் போட்டு, விரல்களில் துணியைச் சுற்றி, சாதாரணக் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு வெறும் மூச்சிலேயே முங்கி எழுகிறார்கள். அவர்களிடம் போய் ஃபின்ஸ் நிறத்தைப் பற்றிப் பேசினால் என்ன பதில் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க என்ன செய்வது? குழந்தைகள் ஷாம்பூ என்பது ஒரு கட்சி. பற்பசை என்பது இன்னொரு கட்சி. எச்சில் துப்பித் தேய்த்துக் கழுவுவதே உத்தமம் என்பது பழம்பெரும் கட்சி. லட்ச ரூபாய் உபகரணம் வைத்திருப்பவரும் கடைசியில் எச்சில் கட்சியில் சேர்ந்துவிடுவது வழக்கம்.

வெட்சூட்டுக்குள் சிறுநீர் போவது பற்றி உலகம் முழுக்க ஒரு ஜோக் உண்டு. டைவர்கள் இரண்டே வகை. போகிறவர்கள் ஒரு வகை, போவதில்லை என்று பொய் சொல்கிறவர்கள் இன்னொரு வகை. இதில் உடம்பின் மீதும் தப்பில்லை. குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கியதும் கை கால் ரத்தம் நெஞ்சுப் பக்கம் ஒதுங்குகிறது. உடம்பில் நீர் அதிகமாகிவிட்டது என்று நினைத்துச் சிறுநீரகம் வேலையைத் தொடங்கிவிடுகிறது. கிணற்றில் குளித்த அத்தனை பேருக்கும் இந்த உண்மை தெரியும். வீட்டில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இன்னொரு கூத்து கட்டைவிரல். தண்ணீருக்குள் 'எல்லாம் சரி' என்பதற்கு ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். கட்டைவிரலை உயர்த்தினால் 'மேலே போகலாம்' என்று அர்த்தம். கலர் மீனைப் பார்த்த சந்தோஷத்தில் நம்மாள் 'சூப்பர்' என்று கட்டைவிரலைத் தூக்க, பயிற்சியாளர் அப்படியே மேலே அழைத்து வந்துவிடுவார். கட்டிய காசு போச்சு.

இந்த விநோதங்கள் எல்லாம் ஸ்கூபாவோடு வந்தவை என்று நினைக்க வேண்டாம். ஃபிரான்ஸில் கூஸ்தோவும் காக்னானும் சிலிண்டர் மூச்சுக் கருவியை உருவாக்கியது 1943-ல். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மதுரைப் பாண்டியர்களுக்குக் கொற்கை முத்தை எடுத்துக் கொடுத்த குளியாட்கள், காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கியவர்கள். அவர்களுக்கும் ஒரு நம்பிக்கை இருந்தது. சுறா வராமல் வாயைக் கட்டும் மந்திரவாதி கரையில் இருந்தால்தான் கடலில் இறங்குவார்கள். அவருக்குப் பெயர் கடல்கட்டி. 13-ம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, முத்தில் இருபதில் ஒரு பங்கு இவர்களுக்குக் கூலி என்று எழுதியிருக்கிறார். மந்திரம் பகலுக்கு மட்டும்தானாம். ராத்திரியில் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம், திருட்டுத்தனமாக யாரும் முத்தெடுக்க இறங்கிவிடக் கூடாதே என்பதற்காக! இதைவிட மலிவான செக்யூரிட்டி ஏற்பாடு உலகத்தில் இருந்திருக்காது. பிற்காலத்தில் இலங்கை முத்துக்குளிப்பில் பிரிட்டிஷ் அரசே கடல்கட்டியைப் பணிக்கு வைத்திருந்தது. மந்திரத்தை நம்பியா? குளியாட்கள் நம்பினார்கள், அது போதும்.

தோணியில் கயிறு பிடிப்பவர் மச்சானாகத்தான் இருக்க வேண்டும் என்றும் முத்துக்குளிப்பு பற்றிச் சொல்வார்கள். தன் அக்கா தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது என்ற நினைப்பில் கையை விடமாட்டான் அல்லவா? ஸ்கூபாவில் 'ஜோடி இல்லாமல் இறங்காதே' என்று சொல்லித் தருவது இதைத்தான். தனியாக முங்குவதே நிம்மதி என்று வாதிடும் கோஷ்டி ஒன்று அங்கேயும் இருக்கிறது. மற்ற கட்சிகளை ரசிக்கலாம், இந்தக் கட்சியில் மட்டும் சேர வேண்டாம்.

கிணற்றுக்கு இது இன்னும் பொருந்தும். யார் அதிக நேரம் உள்ளே இருப்பது என்று பையன்கள் பந்தயம் கட்டும்போது, குதிக்கும் முன் 'புஸ் புஸ்' என்று வேகமாக மூச்சிழுத்து விடுவார்கள். அதிக ஆக்ஸிஜன் ஏற்றிக்கொள்வதாக நினைப்பு. உண்மையில் அப்போது குறைவது கரியமில வாயு. மூச்சு முட்டுகிற உணர்வைக் கொடுப்பதே அந்த வாயுதான். அது குறைந்துவிட்டால், ஆக்ஸிஜன் தீர்ந்துபோவதற்கான எச்சரிக்கையே வராது. நன்றாக நீந்தத் தெரிந்த பையன்கூடத் திணறல் எதுவும் இல்லாமல், தண்ணீருக்குள்ளேயே மயங்கிவிடுவான். மேலே நிற்பவர்கள் அவன் ஜெயித்துக்கொண்டிருப்பதாக எண்ணிக் கொண்டிருப்பார்கள். கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கிணற்றுக்கு அனுப்புகிற வீடுகளில் இந்த 'புஸ் புஸ்' கூடாது என்று சொல்லி அனுப்ப வேண்டும். கரையில் பெரியவர் ஒருவரும் இருக்க வேண்டும்.

டூர் போகும் குடும்பங்களுக்கு ஒரு விஷயம். ஸ்கூபா முடித்த உடம்பில் நைட்ரஜன் கரைந்திருக்கும். அது வெளியேற அவகாசம் வேண்டும். அதனால்தான் ஒருமுறை முங்கியிருந்தால் 12 மணி நேரம், பலமுறை என்றால் 18 மணி நேரமாவது கழித்தே விமானம் ஏறச் சொல்கிறார்கள். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஏறத்தாழ 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமம். கொடைக்கானலின் உயரம் சுமார் 2,100 மீட்டர்! காலையில் கடலில் முங்கிவிட்டு, மதுரையில் மதியச் சாப்பாட்டை முடித்து, சாயங்காலம் வேனில் கொடைக்கானல் ஏறுவதும் விமானம் ஏறுவதும் உடம்புக்கு ஒன்றுதான். வேன் பேசும்போதே கொடைக்கானலை முதலில் போட்டு, கடலைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.