வியப்பு பிறக்கும் நான்கு இடங்கள்

வியப்புக்குத் தொல்காப்பியம் தரும் பெயர் மருட்கை. பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல் எண்ணும் எட்டு மெய்ப்பாடுகளில், நகை, அழுகை, இளிவரல் ஆகியவற்றை அடுத்து நான்காவதாக அது வருகிறது. அது பிறக்கும் இடங்களையும் தொல்காப்பியர் நான்காக வகுத்திருக்கிறார்: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். முன்பு காணாதது, மிகப் பெரியது, மிக நுண்ணியது, ஒன்று இன்னொன்றாக மாறுவது என்று இவற்றுக்குப் பொருள் கொள்ளலாம். அறிவு நிறைவு பெறாத நிலை என்ற பொருளில் ஓர் அடைமொழியையும் மருட்கைக்கு முன்னால் சேர்த்திருக்கிறார்.

பலரும் வியப்பைத் தேடிப் போவது முதல் இரண்டு இடங்களில்தான். இரண்டிலும் ஒரு சிக்கல் உண்டு. புதுமைக்கு ஆயுள் குறைவு. புதிய செல்போன் ஒரு வாரத்தில் வெறும் செல்போன் ஆகிவிடும். பெருமையைப் பார்க்கப் பெரும்பாலும் பேருந்து ஏற வேண்டும். அதற்குப் பக்கத்திலேயே குடியிருந்தாலும் பயனில்லை. சுமார் 200 அடி உயர்ந்து நிற்கும் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை வெளியூர்க்காரர் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்பார். அந்தத் தெருவில் தினமும் சைக்கிளில் போகிறவர் பார்ப்பதில்லை.

இது அலட்சியத்தால் வருவதல்ல; நரம்பு மண்டலத்தின் வேலை. ரயில் பாதை ஓரத்துக்குக் குடிவந்தவருக்கு முதல் வாரம் தூக்கம் வராது, அடுத்த மாதம் ரயில் போனதே தெரியாது. இந்தப் பழக்கப்படுதலை நரம்பியல் அறிஞர் எரிக் கேண்டல் கடல் முயல் என்னும், வெளியே ஓடு தெரியாத கடல் நத்தையில் ஆராய்ந்தார். அதன் உடலை லேசாகத் தொட்டால் செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். தொட்டுக்கொண்டே இருந்தால் இழுப்பது குறைந்துகொண்டே வரும். ஒரு நரம்பு அடுத்த நரம்புக்கு அனுப்பும் வேதிப்பொருளின் அளவு குறைவதே இதற்குக் காரணம் என்று தெரியவந்தது. நினைவாற்றல் பற்றிய ஆய்வுகளுக்காகக் கேண்டலுக்கு 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. பழக்கப்படுதல் நல்லதற்குத்தான். பார்ப்பதற்கெல்லாம் மலைத்து நின்றால் யாரும் சாலையைக் கடக்க முடியாது. ஆனால் கண்ணில் படும் காட்சி மாறாவிட்டாலும் அதைப் பற்றிய கேள்வி மாறினால், பழகிப்போன பொருளும் புதிதாகத் தெரியத் தொடங்கும். சிறுமையும் ஆக்கமும் உதவுவது இங்கேதான். இரண்டும் வீட்டுக்குள்ளேயே கிடைக்கும்.

சுவரில் ஓடும் பல்லியை எடுத்துக்கொள்ளலாம். இரவில் ஜன்னல் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் அது ஒட்டியிருக்கும்போது உள்ளே இருந்து பார்த்தால், விரல்களின் அடியில் குறுக்கு வரிகள் வரிசையாக அடுக்கியிருப்பது தெரியும். அதற்கு மேல் கண்ணுக்குத் தெரியாது. டோக்கே என்ற பெரிய பல்லியின் ஒவ்வொரு பாதத்திலும் இந்த வரிகளில் சுமார் 5 லட்சம் நுண்மயிர்கள் உள்ளன. ஒவ்வொரு மயிரின் நுனியும் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிகிறது. பசையும் இல்லை, உறிஞ்சிப் பிடிக்கும் உறுப்பும் இல்லை. மூலக்கூறுகள் மிக நெருங்கி வரும்போது ஒன்றையொன்று ஈர்க்கும் மிக மெல்லிய விசை, இத்தனை லட்சம் நுனிகளில் சேர்ந்து பல்லியைத் தாங்குகிறது. கெல்லர் ஆட்டம் என்ற அமெரிக்க உயிரியலாளரின் குழு 2000இல் ஒற்றை மயிரின் பிடிப்பை அளந்து காட்டியது. அடியெடுத்து வைக்கும்போது பல்லி விரல் நுனியை மேல்நோக்கிச் சுருட்டுகிறது. மயிரின் சாய்வு மாறியதும் பிடி விட்டுவிடும். பல்லி எங்கே விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் பட்டியலே இருக்கிறது. அது விழாமல் இருப்பதுதான் உண்மையில் பெரிய செய்தி.

ஆக்கத்துக்குச் சமையலறையில் இருக்கும் மாவுப் பாத்திரமே போதும். அரைத்து உப்புப் போட்டுக் கரைத்து வைத்த இட்லி மாவு விடிவதற்குள் பொங்கி மூடியைத் தள்ளுகிறது. அதில் யாரும் ஈஸ்ட் கலப்பதில்லை. உளுந்தோடும் அரிசியோடும் ஒட்டி வந்த பாக்டீரியாக்கள், முக்கியமாக லூகோநாஸ்டாக் என்ற வகை, மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளியிடுகின்றன. அமிலம் புளிப்பாகிறது. உளுந்தின் கொழகொழப்பு வாயுவை வெளியே விடாமல் குமிழிகளாகப் பிடித்து வைக்கிறது. மார்கழிக் குளிரில் மாவு பொங்காமல் அடம்பிடிப்பது இந்த உயிர்கள் குளிரில் மந்தமாவதால்தான். கரண்டி விடுவதற்கு முன் பாத்திரத்தின் ஓரத்தில் காதை வைத்தால், குமிழிகள் உடையும் மெல்லிய சத்தம்கூடக் கேட்கலாம்.

எல்லோருக்கும் தெரிந்த காட்சியில் ஒருவர் மட்டும் கேள்வி கேட்டதற்குப் புகழ்பெற்ற சான்று சி.வி. ராமன். திருச்சியில் பிறந்த அவர் 1921இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்த் திரும்பினார். வழியில் மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. வானத்தின் நிறம் எதிரொளிப்பதே கடலின் நீலம் என்பது இயற்பியலாளர் ராலே பிரபு சொன்ன விளக்கம். ராமனிடம் நிக்கோல் பட்டகம் என்ற சிறு படிகக் கருவி இருந்தது. அதன் வழியாக, எதிரொளியை விலக்கிவிட்டுக் கடலைப் பார்த்தார். நீலம் போகவில்லை. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். அங்கிருந்து தொடங்கிய ஆய்வு 1928 பிப்ரவரி 28இல் ராமன் விளைவில் போய் முடிந்தது; 1930இல் நோபல் பரிசு. அந்தக் கப்பலில் வந்த மற்றவர்களும் அதே நீலத்தைத்தான் பார்த்தார்கள்.

குழந்தைகளிடம் வியப்பு தானாகவே இருக்கிறது. அதைக் காப்பாற்றப் பெரியவர் துணை வேண்டும் என்று எழுதியவர் அமெரிக்கக் கடல் உயிரியலாளர் ரேச்சல் கார்சன். பூச்சிக்கொல்லிகளின் தீமையை 1962இல் உலகுக்குச் சொன்னவர் அவர்தான். அதற்கு முன்பே, 1956இல், ஒரு பெண்கள் இதழில் கட்டுரை எழுதினார். அக்கா மகளின் சிறு குழந்தையைப் போர்வையில் சுற்றி, மழை இரவில் மெய்ன் மாநிலக் கடற்கரைக்குத் தூக்கிப்போய் அலை பார்க்க வைத்ததிலிருந்து கட்டுரை தொடங்கும். பறவை பெயரும் நட்சத்திரப் பெயரும் தெரியாத பெற்றோர் கூச்சப்பட வேண்டியதில்லை, கூட இருந்து பார்த்தால் போதும் என்பது அவர் வாதம். வகுப்பில் பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்ய வைக்கும் நம் வழக்கத்துக்கு நேர் எதிரானது இது.

பெரியவர்களுக்கும் பயிற்சி உதவுமா என்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் சோதித்தார்கள். வயதானவர்கள் 52 பேர், 8 வாரங்கள், வாரத்துக்கு ஒரு முறை 15 நிமிட நடை. பாதிப் பேருக்கு நடந்தால் போதும். மீதிப் பேர் வியப்புத் தருவதைத் தேடிக்கொண்டே நடக்க வேண்டும். 2020இல் முடிவுகள் வந்தன. எல்லோரும் நடையின்போது எடுத்த செல்ஃபிகளை ஒப்பிட்டதில், தேடி நடந்தவர்களின் உருவம் வாரத்துக்கு வாரம் படத்தில் சிறுத்து, சுற்றுப்புறம் பெருத்திருந்தது. 52 பேரை வைத்துப் பெரிய முடிவு கட்ட முடியாது. ஆனாலும் செலவில்லாத சோதனை. யாரும் தம் தெருவிலேயே செய்து பார்க்கலாம்.

அதை வாழ்நாள் முழுவதும் செய்தவர் இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். யானையைப் பற்றி எழுதிய அதே அக்கறையோடு காக்கை, அணில், ஓணான் என்று வாசலில் திரிபவற்றைப் பற்றியும் எழுதினார். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950இல் தொடங்கிய அவருடைய பத்தி, அவர் இறந்த 1996 வரை 46 ஆண்டுகள் வந்தது.